எதுவார் குபேரை என்னவென்று எழுதுவது?

தாங்கள் கேட்டிருப்பது இரண்டே வரி. கல்லூரிப் பேச்சுப் போட்டியில் தங்கள் மகளுக்கு எதுவார் குபேர் என்ற தலைப்பு கிடைத்திருக்கிறது. சட்டத் துறையிலிருந்து வந்த ஒருவர் புதுச்சேரியின் முதலமைச்சர் ஆன கதையைச் சொன்னால் போதுமா, அவரை விடுதலைப் போராட்ட வீரர் என்று குறிப்பிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் வரிக்கு ஆண்டுகளை வரிசைப்படுத்தினால் விடை வந்துவிடும். இரண்டாவது வரியே உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். 1951-இல் பிரெஞ்சு இந்தியாவின் பிரதிநிதியாகப் பாரிஸ் நாடாளுமன்றத்துக்குச் சென்றவர், 1954-இல் அதே பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து நெட்டப்பாக்கத்தில் தற்காலிக அரசு அமைத்தார். இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் அவருக்கு நேர்ந்தது மனமாற்றமா, இல்லை அணிமாற்றம் மட்டும்தானா என்பதையே தாங்கள் அறிய விரும்புகிறீர்கள்.

நான் வரலாற்றாசிரியன் அல்லன். புதுச்சேரி நீதிமன்றங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வழக்காடியவன். பிரெஞ்சுச் சட்டம் படித்த மூத்த வழக்கறிஞர்களிடம் தொழில் கற்றவன். பழைய நொத்தேர் (பிரெஞ்சு முறைப் பத்திரப் பதிவாளர்) பத்திரங்களைச் சொத்து வழக்குகளுக்காக வரி வரியாகப் படித்தே அந்தக் கால நிர்வாகத்தைப் புரிந்துகொண்டவன். ஆகவே ஆட்சி அமைப்பும் சட்ட நடைமுறையும் பற்றி உறுதியாகப் பேச முடியும். குபேரின் உள்ளத்தில் என்ன இருந்தது என்பதில் என் சொல்லுக்குத் தனி மதிப்பு எதுவும் இல்லை. எது ஆவணத்தால் உறுதி, எது என் கணிப்பு என்று அந்தந்த இடத்திலேயே பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் பெயர். குபேர் சாலை, குபேர் அங்காடி என்று கேட்கும் வெளியூர் இளைஞர்கள், அது செல்வத்துக்கு அதிபதியான குபேரனின் பெயர் என்றே நினைத்துவிடுகிறார்கள். அது பிரெஞ்சுக் குடும்பப் பெயர். நம் நாவுக்கு ஏற்பக் குபேர் என்று ஆயிற்று. அவர் 1894-இல் புதுச்சேரியில் பிறந்தார். தந்தை பிரெஞ்சுக்காரர், தாய் இந்தியர். சட்டம் பயின்று, நீதிமன்ற வட்டாரத்திலிருந்து அரசியலுக்கு வந்தார். 1979-இல் காலமானார். கடற்கரையோரம் ஷப்ரோல் பெயரில் இருந்த சாலை பின்னர் இவர் பெயரைப் பெற்றது. இவை எல்லாம் ஐயத்துக்கு இடமில்லாதவை.

சட்டம் படித்தவர்கள் ஏன் இந்த ஊரில் அரசியலுக்கு வந்தார்கள் என்பதைத் தங்கள் மகள் ஒரு பத்தியாவது விளக்க வேண்டும். அது விளங்காவிட்டால் குபேர் விளங்க மாட்டார். பிரெஞ்சு இந்தியா, 1871 முதல் பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு உறுப்பினரை அனுப்பி வந்தது. உள்ளூரில் நகரசபைகளும் ஆலோசனை மன்றங்களும் இருந்தன. ஆனால் சட்டமும் ஆணையும் பிரெஞ்சில் வந்தன. வாக்காளர்களோ தமிழில் வாழ்ந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் நின்று, மனு எழுதவும் ஆணையைப் படித்துச் சொல்லவும் அதிகாரியிடம் வாதிடவும் தெரிந்தவர் நீதிமன்றத்தோடு தொடர்புடையவராகவே இருந்தார். இதற்கு முதல் பெரிய எடுத்துக்காட்டு பொன்னுத்தம்பி பிள்ளை. 1873-இல் ஐரோப்பிய முறைக் காலணியோடு நீதிமன்றத்துக்குள் வந்ததற்காக இங்கே தண்டிக்கப்பட்ட அந்த வழக்கறிஞர், பாரிசின் உச்ச நீதிமன்றம் வரை சென்று வென்றார். 1881 செப்டம்பர் ஆணையின்படி தம் சமூகத் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றவர்களுக்கு அவரே முன்னோடியாக இருந்தார். ஒரு வழக்கறிஞர் தொடுத்த வழக்கு அரசியல் உரிமையாக விரிந்த வரலாறு அது. தங்கள் கடலூரிலும் பொது வாழ்வு வேறொரு வழியில் வளர்ந்தது: அகரம் சுப்பராயலு ரெட்டியார் தென்னாற்காடு ஜில்லா போர்டின் தலைவராக இருந்து, 1920 டிசம்பரில் சென்னை மாகாணத்தின் முதல் முதலமைச்சர் ஆனார். கடலூரில் ஜில்லா போர்டு எப்படி அரசியலுக்கு ஏணியாக இருந்ததோ, அப்படிப் புதுச்சேரியில் இருந்தது கொம்யூன் என்ற உள்ளாட்சிப் பிரிவு.

இந்தக் கொம்யூனைப் பற்றி நான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். குபேரின் ஏற்றமும் திருப்பமும் இதற்குள்தான் இருக்கின்றன என்பது என் கருத்து. புதுச்சேரிப் பகுதி எட்டுக் கொம்யூன்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட நகரசபை. அதன் தலைவரை மக்கள் 'மேர்' என்பார்கள், அவர் அலுவலகம் 'மேரி'. நம் ஊராட்சித் தலைவரைப் போல எண்ணிவிடக் கூடாது. பிரெஞ்சு முறையில் மேர், பிறப்பு இறப்பு திருமணப் பதிவேடுகளின் அதிகாரி. வாக்காளர் பட்டியல் அவர் பொறுப்பில் தயாராகும். வாக்குச் சாவடியின் தலைமையும் அவரைச் சார்ந்தது. யார் பிறந்தார், யார் இறந்தார், யாருக்கு வாக்கு உண்டு என்பதையெல்லாம் எழுதும் பேனா ஒருவர் கையில் இருந்தால், அந்தத் தேர்தல் எப்படி நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மேர்களைத் தன் பக்கம் வைத்திருந்த கட்சி தேர்தலையும் வைத்திருந்தது. இறந்தவர்களும் வாக்களித்த கதைகளை இந்த ஊரில் முதியவர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவற்றில் எது உண்மை, எது வளர்ந்த கதை என்று தனித்தனியே நிறுவ என்னால் இயலாது. ஆனால் அமைப்பு அதற்கு இடம் கொடுத்தது என்பது சட்டத்தைப் படித்தாலே தெரியும்.

இனி நிகழ்ச்சிகள். இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1946-இல், பிரெஞ்சு இந்தியாவுக்குப் பிரதிநிதித்துவ சபை உருவாக்கப்பட்டது. அப்போது மேலோங்கி நின்றது கம்யூனிஸ்டுத் தலைவர் வ. சுப்பையாவின் செல்வாக்கில் இருந்த தேசிய ஜனநாயக முன்னணி. 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலைத் தொழிலாளர் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் மாண்ட நாளிலிருந்து வளர்ந்த தொழிலாளர் இயக்கம் அதன் முதுகெலும்பு. 1947 ஜூலையில் குபேர் பிரெஞ்சிந்திய சோசலிஸ்டுக் கட்சியைத் தோற்றுவித்தார். பிரெஞ்சு ஒன்றியத்தோடு உறவு நீடிக்க வேண்டும் என்பது அப்போது அந்தக் கட்சியின் நிலை. 1948 ஜூனில் இந்தியாவும் பிரான்சும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன: எதிர்காலத்தை மக்களே வாக்கெடுப்பில் தீர்மானிப்பார்கள், அது எப்போது, எப்படி என்பதைத் தேர்ந்தெடுக்கப்படும் நகரசபைகள் முடிவு செய்யும். அந்த அக்டோபரில் நடந்த நகரசபைத் தேர்தலில் சோசலிஸ்டுகள் பெரும்பான்மை பெற்றார்கள். வங்காளத்தின் சந்திரநாகூர் தனி வழி சென்று, 1949 ஜூன் 19 வாக்கெடுப்பில் 7,473-க்கு 114 என்ற கணக்கில் இந்தியாவைத் தேர்ந்தது. தெற்கே வாக்கெடுப்பு நடக்கவேயில்லை. 1951 ஜூனில் குபேர், அதுவரை பாரிசில் உறுப்பினராக இருந்த லாம்பேர் சரவணைத் தோற்கடித்து நாடாளுமன்றம் சென்றார். எதிர்த்து நின்றவருக்கு விழுந்த வாக்குகள் நம்ப முடியாத அளவுக்குச் சொற்பம். அந்த எண்ணிக்கையை மக்களின் ஒருமித்த விருப்பமாக நான் படிக்க மாட்டேன். மேரிகள் யார் கையில் இருந்தன என்பதற்கான சான்றாகவே படிப்பேன்.

அதே 1951-இல் வந்த நடுநிலைப் பார்வையாளர்களும், இங்குள்ள சூழலில் அச்சமற்ற வாக்கெடுப்பு நடத்த இயலாது என்ற கருத்தையே தெரிவித்தார்கள். பின்னர் இந்திய அரசு, வாக்கெடுப்பே வேண்டாம், பிரதேசங்களை நேரடியாக ஒப்படையுங்கள் என்ற நிலைக்கு வந்தது. இதனிடையே, இந்திய எல்லையில் சுங்கத் தடையின்றிச் சரக்குப் போய்வர 1941 முதல் இருந்த சுங்க ஒன்றிய ஏற்பாடு 1949-இல் முடிவுக்கு வந்திருந்தது. கடலூர்க்காரரான தங்களுக்கு இதன் பொருள் நன்றாக விளங்கும். புதுச்சேரி ஒரே துண்டு நிலமன்று. பாகூரும் நெட்டப்பாக்கமும் தென்னாற்காட்டு ஊர்களுக்கிடையே கலந்து கிடக்கும் நிலங்கள். இந்தியக் காவல் சாவடி வைத்தால், ஓர் உழவர் தம் கொம்யூனிலிருந்து நகரத்துக்கு நெல் கொண்டுபோகவும் எல்லையைக் கடக்க வேண்டும். கெடுபிடி ஆண்டுக்கு ஆண்டு இறுகியது. அந்தச் சுமை ஆளுநர் மாளிகையில் இருந்தவர்களை விடக் கிராமத்து மேர்களின் வாசலில் முதலில் வந்து விழுந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1954 மார்ச் 18 அன்று புதுச்சேரியின் எட்டு மேர்களும் நிர்வாக ஆலோசகர்களும், வாக்கெடுப்பு இல்லாமலே இந்தியாவுடன் இணைய வேண்டும் என்ற தீர்மானத்தை ஏற்றார்கள். குபேரின் ஆள்களாக அறியப்பட்டவர்களே அதில் இருந்தார்கள். மார்ச் இறுதியில் குபேர் நெட்டப்பாக்கம் சென்றார். காவல் நிலையத்தில் இந்தியக் கொடி ஏறியது. தற்காலிக அரசு அமைந்தது. சுற்றிலும் இந்திய எல்லை சூழ்ந்த அந்தத் துண்டு நிலத்துக்குப் பிரெஞ்சுப் படை இந்திய மண்ணைக் கடக்காமல் வர இயலாது. இடத்தேர்வு தற்செயலானது என்று நான் நம்பவில்லை. அந்த நாள்களில் அவர் பாரிஸ் நாடாளுமன்றத்தின் உறுப்பினராகவும் இருந்தார் என்பது இந்தக் கதையின் வியப்பான சட்ட நிலை.

இங்கேதான் சட்டம் படித்தவரின் கை தெரிகிறது என்பேன். 1946 பிரெஞ்சு அரசமைப்பின் 27-ஆம் கூறு, சம்பந்தப்பட்ட மக்களின் இசைவு இல்லாமல் எந்த நிலப்பகுதியையும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்றது. பிரான்ஸ் ஏழு ஆண்டுகளாக வாக்கெடுப்பைப் பற்றி நின்றதற்கு அதுவே சட்டக் காரணம். ஆனால் 'இசைவு' என்ற சொல்லுக்கு நேரடி வாக்கெடுப்பு ஒன்றே வழி என்று அந்தக் கூறு சொல்லவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் மக்களின் குரல் என்று 1948 உடன்பாட்டிலேயே ஒப்புக்கொண்ட பிரான்ஸ், அதே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இணைப்பு வேண்டும் என்றபோது மறுக்க இடமில்லாமல் நின்றது. பிரெஞ்சு ஆட்சியைத் தாங்கி நின்ற மேரிகளே அதை முடித்துவைக்கும் கருவியும் ஆயின. 1954 அக்டோபர் 18 அன்று வில்லியனூரை அடுத்த கீழூரில், புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் சபை உறுப்பினர்களும் நகரசபை உறுப்பினர்களுமாக 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இணைப்புக்கு ஆதரவு 170, எதிர்ப்பு 8. மூன்று நாள் கழித்து ஒப்பந்தம் கையெழுத்தானது. நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. இந்த முறையைக் குபேரே வகுத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். டில்லியிலும் பாரிசிலும் பேச்சு நடத்திய பலரின் உழைப்பு அதில் உண்டு. ஆனால் மேர்கள் தீர்மானம் போடாமல் அந்தப் பேச்சு அவ்வளவு விரைவில் முடிந்திருக்காது என்பதை உறுதியாகச் சொல்வேன்.

இனி மனமாற்றமா, அணிமாற்றமா என்பது. உறுதியானவை மூன்று: பொருளாதார நெருக்கடி முற்றியிருந்தது, பிரெஞ்சு நிர்வாகம் குபேரையும் அவரைச் சேர்ந்தவர்களையும் குறித்து விசாரணைகளில் இறங்கியிருந்தது, இந்தோசீனாவில் தியென் பியென் பூ என்ற பிரெஞ்சுப் படைத்தளத்தின் முற்றுகை 1954 மார்ச் 13 அன்று தொடங்கி, பிரெஞ்சுப் பேரரசு ஆட்டம் கண்டது உலகுக்கே தெரிந்திருந்தது. மேர்களின் தீர்மானம் அதற்கு ஐந்து நாள் பின்னால் வருகிறது. காலவரிசை இது. இதற்கு மேல் போவது எல்லாம் ஊகம். விசாரணைக்கு அஞ்சியே கட்சி மாறினார் என்று அவருடைய எதிரிகள் சொன்னார்கள்; மக்களின் துன்பத்தைக் கண்டு மனம் மாறினார் என்று அவருடைய அன்பர்கள் சொன்னார்கள். குற்றச்சாட்டுகளின் உண்மை பற்றி நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். சாட்சியம் என் முன் இல்லாத வழக்கில் கருத்துச் சொல்வது என் தொழிலுக்கு ஒவ்வாது. என் கணிப்பு இவ்வளவுதான்: குபேரின் வலிமை கொம்யூன்களில் இருந்தது, கொம்யூன்கள் இந்தியாவின் பக்கம் சாய்ந்துவிட்டன என்பதை ஆளுநரை விட அவர் முன்னதாக உணர்ந்தார், சாய்ந்த பக்கத்துக்குத் தலைமை தாங்கினார். சொந்த நலனும் பொது நலனும் ஒரே வழியில் வந்து சேர்ந்த வேளை அது. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது நேர்மையாகாது.

அதே நேர்மையோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். இணைப்பைக் குபேரின் செயலாக மட்டும் எழுதினால், அவர் எதிர்ப்பக்கம் இருந்த ஆண்டுகளில் அடி வாங்கியவர்களுக்கு அநீதி செய்தவர்கள் ஆவோம். சுப்பையாவும் தொழிலாளர்களும், மாணவர் காங்கிரஸ்காரர்களும் கொடி பிடித்தபோது குபேரின் கட்சி ஆட்சியின் பக்கம் இருந்தது. பிரெஞ்சு இந்தியாவின் மற்றப் பகுதிகளான ஏனாம் 1954 ஜூனிலும் மாஹே ஜூலையிலும் தத்தம் வழியில் விடுபட்டன. கீழூர் வாக்குக்கு முன்னே நீண்ட வரிசை நிற்கிறது. அதன் கடைசிப் பகுதியில் வந்து சேர்ந்தவர் குபேர், வந்தபின் முன்னால் நின்றவர்.

பிற்கால வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1955 தேர்தலுக்குப் பின் காங்கிரஸ் தலைவராக நிர்வாகத்தை நடத்தினார். உறுப்பினர்கள் அணி மாறியதில் 1958 அக்டோபரில் சபை கலைக்கப்பட்டது. 1959 தேர்தலுக்குப் பின் வெங்கடசுப்பா ரெட்டியார் தலைமைக்கு வந்தார். குபேர் நகர மேயராகவும் இருந்தார். இங்கே மாணவர்கள் பெரும்பாலும் தவறும் ஒரு சட்ட நுணுக்கம் உண்டு. 1954 நவம்பரில் வந்தது நடைமுறை மாற்றம் மட்டுமே. விட்டுக்கொடுப்பு ஒப்பந்தம் 1956 மே 28 அன்று கையெழுத்தாகி, பிரெஞ்சு நாடாளுமன்ற ஒப்புதலுக்குப் பின் 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் சட்டப்படி நடப்புக்கு வந்தது. இடைப்பட்ட ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் இந்தியா ஆண்ட இந்த மண் சட்டத்தின் பார்வையில் பிரெஞ்சு மண்ணாகவே இருந்தது. 1963 ஜூலை 1 அன்று யூனியன் பிரதேச அரசுச் சட்டப்படி பிரதிநிதித்துவ சபை சட்டப்பேரவை ஆயிற்று; அன்று குபேர் முதல் முதலமைச்சர் ஆனார். 1964 செப்டம்பர் வரை அந்தப் பதவியில் இருந்தார். 1964 தேர்தலுக்குப் பின் வெங்கடசுப்பா ரெட்டியார் முதலமைச்சர் ஆனார். ஆகவே 'இணைப்புக்குப் பின் உடனே முதலமைச்சர் ஆனார்' என்று தங்கள் மகள் எழுதியிருந்தால் திருத்தச் சொல்லுங்கள்.

விடுதலைப் போராட்ட வீரர் என்ற சொல்லைப் பற்றி. போட்டியின் நடுவராக நான் இருந்தால், அந்தச் சொல்லை விளக்கமின்றிப் பயன்படுத்தினாலும் மதிப்பெண் குறைப்பேன். துரோகி என்ற சொல்லைப் பயன்படுத்தினாலும் குறைப்பேன். 'பிரெஞ்சு ஆட்சியின் துணையோடு வளர்ந்து, 1954 மார்ச்சில் அதைக் கைவிட்டு, இணைப்பு இயக்கத்தின் தலைமைக்கு வந்த சட்ட வல்லுநர்' என்று எழுதட்டும். நீளமான வாக்கியம்தான், ஆனால் அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஆவணம் உண்டு. நேரம் கிடைத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கள் மகளைப் பாகூர், நெட்டப்பாக்கம் வழியாகக் கீழூர் நினைவிடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். வழியில் தமிழ்நாட்டு எல்லையும் புதுச்சேரி எல்லையும் எத்தனை முறை மாறி மாறி வருகின்றன என்று எண்ணிக்கொண்டே வரச் சொல்லுங்கள். அந்தக் கணக்கையும் 170-க்கு 8 என்ற கீழூர்க் கணக்கையும் சேர்த்துச் சொன்னால், நெட்டப்பாக்கத்தை ஏன் தேர்ந்தார்கள் என்பதை மேடையில் அவரே விளக்கிவிடுவார்.